பக்கத்துக்குக் கூப்பிடப்பட்டவர்

கிரேக்கம் படித்தவள் என்ற திமிர் எனக்கு அப்போது கொஞ்சம் இருந்தது. இப்போது போய்விட்டது என்றும் சொல்லமாட்டேன். கண்டிக்கு வெளியே உள்ள ஓர் இறையியல் கல்லூரியில், பள்ளிக்கூடம் விட்ட பிறகு பஸ்ஸில் போய்ப் படித்துப் பெற்ற கிரேக்கம் அது. வகுப்பில் மற்ற எல்லாரும் போதகராகப் போகிறவர்கள். நான் ஒருத்திதான் தமிழ் டீச்சர், அதுவும் பொம்பிளை. வேதாகமத்தில் வருகிற ஒரு சொல்லின் தோலை உரித்து உள்ளே பார்க்கிற ஆசையைத் தவிர அங்கே போக எனக்கு வேறு காரணம் இருக்கவில்லை.

சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பெண்களுக்கு வேதபாடம் நடத்துவேன். வத்தேகமத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிற பெண்களும், டவுனில் கடையும் வேலையுமாக இருப்பவர்களும், என்னைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே தங்கிப்போனவர்களும் கதிரைகளை வட்டமாகப் போட்டு உட்காருவார்கள். ஒரு சனிக்கிழமை நான் கரும்பலகையில் ஒரு சொல்லை எழுதினேன். பராக்லேத்தோஸ். யோவான் எழுதின சுவிசேஷத்தில் பரிசுத்த ஆவியானவருக்கு இயேசு கொடுக்கிற பெயர். தமிழில் நாங்கள் காலகாலமாகத் தேற்றரவாளன் என்று வாசித்துவருகிறோம்.

"பரா என்றால் பக்கம். க்லேத்தோஸ் என்றால் கூப்பிடப்பட்டவர்" என்றேன். "பக்கத்துக்குக் கூப்பிடப்பட்டவர். அவ்வளவுதான். இதில் தேற்றுவது எங்கே இருக்கிறது?"

பழைய கிரேக்க ஊர்களில் வழக்கென்று வந்தால் ஆளே நேரில் நின்று தனக்காகப் பேசவேண்டும். இன்று போல் கறுப்புக் கோட்டுப் போட்ட லோயர்மார் கிடையாது. அப்போது தன்னை அறிந்த ஒருவரை, ஊரில் மதிப்புள்ள ஒருவரை, வந்து என் பக்கத்தில் நில்லுங்கள் என்று கூப்பிடுவார்கள். அவர் பேசினாலும் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். அவர் அங்கே நிற்பதே ஒரு பேச்சு. யூத ரபிமார் தங்கள் மொழிக்கு இந்தச் சொல்லை அப்படியே இரவல் வாங்கினார்கள். அவர்களுக்கும் அது குற்றம்சாட்டுகிறவனுக்கு எதிரே நின்று பரிந்து பேசுகிறவர்தான். யோவானின் நிருபத்தில் இதே சொல் வரும்போது எங்கள் தமிழ் மொழிபெயர்ப்பே பரிந்து பேசுகிறவர் என்று மாற்றிப் போட்டிருக்கிறது. ஒரே சொல், ஒரே யோவான், இரண்டு தமிழ். எனக்கு அதை நினைக்க நினைக்க ஆத்திரமாக வரும்.

பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த போதகர் சிரித்தார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த, நல்ல மனதுள்ள மனிதர். "டீச்சர், நம்ம சனத்துக்கு இப்ப வேண்டியது ஆறுதல்தானுங்க. கோர்ட்டுக்கு யாரு போறாங்க?" என்றார்.

"ஆறுதல் வேணுமெண்டால் தேத்தண்ணி ஊத்திக் குடிக்கலாம், பாஸ்டர்" என்றேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த மூலச் சொல்லுக்குத் தேற்றுகிற அர்த்தமும் ஓரத்தில் உண்டு என்பதை அன்று நான் சொல்லவில்லை. வாதத்தில் தோற்க எனக்குப் பிடிக்காது.

அது யுத்தம் நடந்த காலம். அதற்கு முந்தின கலவரத்தில் கண்டி கடைத்தெரு எரிந்ததை நேரில் பார்த்தவர்கள் நாங்கள். அதன் பிறகு டவுனை விட்டு வத்தேகம ரோட்டில், சரிவில் இருந்த ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸுக்கு வாடகைக்கு வந்திருந்தோம். என் கணவர் கம்பளையில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் கிளாக். வடக்கில் சண்டை மூண்ட ஒரு நேரத்தில் என் தம்பி எப்படியோ தப்பி எங்களிடம் வந்து சேர்ந்தான். வெளிநாடு போக ஒரு ஏஜென்சியிடம் காசு கட்டிவிட்டுக் காத்திருந்தான். வளர்ந்த ஆம்பிளை, ஆனால் சிங்களத்தில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது.

வீட்டின் முன்பக்கத்தில் வீட்டுக்காரம்மா இருந்தார். அரசாங்க மிட்வைஃபாக வேலை செய்து ஓய்வு பெற்ற சிங்களப் பெண்மணி. புருஷன் இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. அந்தச் சரிவில் நடமாடுகிற பாதிப் பேரைத் தன் இரண்டு கையாலும் ஏந்தினவர் என்று சொல்வார்கள். அவருக்கு இப்போது அந்தூரியம் செடிகள்தான் உலகம். பச்சை வலைக்குக் கீழே தும்புச் சட்டிகளில் வரிசையாக வைத்து, இலையெல்லாம் துணியால் துடைப்பார்.

எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத் தண்ணீர் சரிவில் இறங்கிப் போய் அவருடைய அந்தூரியத்தை அழிக்கிறது என்பது அவர் கட்சி. தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும், மேட்டுக்கு ஓடச்சொன்னால் ஓடுமா என்பது என் கட்சி. இரண்டு பேரும் குரலை உயர்த்தி அக்கம்பக்கமே கேட்கச் சண்டை போட்டிருந்தோம். அதற்குப் பிறகு வாடகையைக் கணவர்தான் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த விஷயத்தில் நான் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை தம்பி ஏஜென்சிக்குப் போன் எடுக்க டவுனுக்குப் போனான். குட்ஷெட் பஸ் நிலையத்தில் சோதனை. கொழும்பில் எங்கோ குண்டு வெடித்திருந்தது போலும். அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்து விலாசம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மொழி இல்லை. ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்களைத் தெரிந்த த்ரீவீலர்காரர் ஒருவர் வந்து சொன்னபோது நான் மாவு குழைத்துக்கொண்டிருந்தேன். கையைக் கூடக் கழுவாமல் அதே வண்டியில் ஏறினேன். கணவருக்குச் சொல்லியனுப்பவில்லை. அவர் வந்தால் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று பயம்.

பொலிஸில் ஒரு சார்ஜன். கத்தவில்லை, அடிக்கவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நான் அக்கா என்றேன், டீச்சர் என்றேன், பள்ளிக்கூட அட்டையைக் காட்டினேன்.

"நீங்களும் தமிழ்தானே, மிஸ்" என்றார் சிங்களத்தில். "நீங்கள் சொல்வதை நான் எப்படி எடுப்பது? இந்தப் பக்கத்து ஆள் ஒருவர் வரவேண்டும். இவனைத் தெரியும், நான் பொறுப்பு என்று வந்து நின்று சொல்லவேண்டும். ஞாயிறு பின்னேரம்வரை வைத்திருப்பேன். அதற்குப் பிறகு கொழும்புக்கு அனுப்பிவிடுவேன்."

கொழும்புக்கு அனுப்பினால் என்ன என்று அந்த நாட்களில் ஒருவரும் விளக்கவேண்டியதில்லை. போனவர்களில் சிலர் மாதங்கள் கழித்து வந்தார்கள். சிலரைத் தேடித் தாய்மார் இன்னமும் அலைகிறார்கள். உள்ளே வாங்குப் பலகையில் தம்பி உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தான், ஒரு பொலிஸ்காரர் தோளில் கையை வைத்து அமர்த்தினார். அவனுடைய ஒரு செருப்பு எங்கோ விழுந்துபோயிருந்தது.

சனிக்கிழமை நான் கேட்காத ஆள் இல்லை. பள்ளிக்கூட அதிபர் நல்லவர்தான், ஆனால் இலாகாவில் என்ன சொல்வார்களோ என்றார். கணவருடைய அலுவலகப் பெரியவர் திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். திங்கட்கிழமை! எங்களோடு ஒரே கோயிலுக்கு வருகிற சிங்களக் குடும்பம் ஒன்று கண் கலங்கியது; மகனுக்கு அரசாங்க வேலை, ஆகவே முடியாது. அவர்கள் மேல் எனக்கு இன்று கோபமில்லை. அன்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என் சின்ன அனெக்ஸ் நிறைந்துவிட்டது. பாண் வந்தது, வாழைப்பழம் வந்தது, பிளாஸ்க்கில் தேத்தண்ணீர் வந்தது. போதகர் முழங்கால் போட்டு ஜெபித்தார். அவருடைய குரல் உடைந்துதான் போனது, பாசாங்கில்லை. "கவலப்படாதீங்க டீச்சர், கர்த்தர் பாத்துக்குவாரு" என்று என் வகுப்புப் பெண் ஒருத்தி முதுகைத் தடவினாள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மதியம் தாண்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு பேரும் தமிழர், ஒருவராவது பொலிஸ் வாசலில் நின்றால் அவரையும் சேர்த்து உள்ளே வைப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் அடக்கமுடியவில்லை.

"எல்லாத்தையும் இழந்த யோபுவின்ர வீட்டுக்கும் இப்பிடித்தான் சிநேகிதர்மார் வந்து குந்தியிருந்தவை" என்று சொல்லிவிட்டேன். "எங்கட தமிழ் வேதத்தில அவைக்குப் பேரென்ன தெரியுமோ? அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்."

போதகர் மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்கு வலித்தது, ஆனால் முகத்தைத் திருப்பவில்லை. "அப்ப மத்ததச் செய்யுங்க டீச்சர்" என்றார். "நீங்கதானே சொன்னீங்க, கூப்பிடப்பட்டவர்னு. யாரையாச்சும் கூப்பிட்டாத்தானே வருவாங்க."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சொல்லின் முதல் பாதியைத்தான் நான் இத்தனை காலமும் பிடித்துக்கொண்டு வாதாடியிருந்தேன். பக்கம், பக்கம் என்று. கூப்பிடுகிற பாதி என்னுடைய வேலை. டவுனெல்லாம் கூப்பிட்டுவிட்டு, இருபது அடியில் இருந்த ஒரு கதவை மட்டும் நான் தட்டவில்லை.

வீட்டைச் சுற்றி முன்பக்கம் போனேன். வீட்டுக்காரம்மா வலைக்குக் கீழே குனிந்து ஒரு இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் நிமிரவில்லை.

"அக்கே" என்றேன். மூத்தவர்களைச் சிங்களத்தில் அப்படிக் கூப்பிடுவோம். "என் தம்பியைப் பிடித்துவைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்து ஆள் ஒருவர் வந்து நிற்கவேண்டுமாம். வருவீர்களா?"

அவர் துணியைப் பிழிந்து கம்பியில் போட்டார். "எப்போது பிடித்தார்கள்?"

"வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை! இன்றைக்கு ஞாயிறு! உனக்கு மூளை இருக்கிறதா? பின்னாலே அழுகைச் சத்தம் கேட்கிறது, யாரோ செத்துவிட்டார்களாக்கும் என்று நானிருக்கிறேன்." திட்டிக்கொண்டே உள்ளே போனார். ஒரு ஆறுதல் வார்த்தை இல்லை. திரும்பி வந்தபோது வெள்ளைக் கண்டியச் சேலை கட்டி, தலையை வாரி, கையில் குடையோடு வந்தார். கிளினிக்குக்குப் போகிற மிட்வைஃப் எப்படியிருப்பாரோ அப்படி.

பஸ்ஸில் முழு வழியும் திட்டினார். பையனுக்கு நான் சிங்களம் சொல்லிக்கொடுக்காததற்குத் திட்டினார். தனியே அனுப்பினதற்குத் திட்டினார். சவர்க்காரத் தண்ணீருக்கும் சேர்த்துத் திட்டினார். நான் அவ்வளவையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பொலிஸில் சார்ஜன் அவருக்குக் கதிரை இழுத்துப்போட்டார். அவர் உட்காரவில்லை. நேரே போய், தம்பியைக் கையைப் பிடித்து எழுப்பி, அவனுக்குப் பக்கத்தில் நின்றார். என் தம்பியின் தோள்மட்டுக்குக்கூட வரமாட்டார்.

"உங்களுக்கு இவன் யார்?" என்றார் சார்ஜன்.

"அபே பெத்தே லமயெக்" என்றார் வீட்டுக்காரம்மா.

பெத்த என்றால் சிங்களத்தில் பக்கம். லமயா என்றால் பிள்ளை. எங்கள் பக்கத்துப் பிள்ளை என்று சொல்லியிருந்தார். பொலிஸ் கேட்டது அதைத்தான். ஆனால் எனக்கு அது அதோடு நிற்கவில்லை. பரா! நான் கரும்பலகையில் எழுதி, இரண்டு பாதியாக வெட்டிக் காட்டின சொல்லின் முதல் பாதி அந்தப் பொலிஸில், சிங்களத்தில், உயிரோடு வந்து நின்றது. போதாக்குறைக்கு அது முழுப் பொய். வந்து சில கிழமைகூட ஆகாத என் தம்பி எந்தப் பக்கத்தாலே அவருடைய பக்கத்துப் பிள்ளை?

"யோசித்துச் சொல்லுங்கள்" என்றார் சார்ஜன். "நாளைக்கு இவன் ஏதாவது செய்தால், இல்லை ஓடிவிட்டால், உங்கள் வீட்டுக்குத்தான் வருவோம். உங்களைத்தான் கூட்டிவருவோம்."

"வா. வீடு தெரியாவிட்டால் மிட்வைஃபின் வீடு எது என்று கேள். உனக்கு எந்த ஊர்?"

"அநுராதபுரம்."

"அதுதான் என்னைத் தெரியவில்லை" என்றார் வீட்டுக்காரம்மா.

சார்ஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையெழுத்து வாங்கினார், கிழமைக்கு ஒருமுறை பையனைக் கூட்டிவந்து காட்டவேண்டும் என்றார். நான் அப்போதுதான் அந்தக் குடையைக் கவனித்தேன். வீட்டுக்காரம்மாவின் கையில் அது நடுங்கிக்கொண்டிருந்தது. நுனி சீமெந்துத் தரையில் டக் டக் என்று தட்டுப்பட்டது. பயமில்லாமல் அவர் அங்கே நிற்கவில்லை. பயந்து, நன்றாகப் பயந்து, நின்றார். அந்தச் சொல்லைப் பற்றி நான் படித்த புத்தகம் எதிலும் இந்த நடுக்கம் இல்லை. கடவுளுக்குப் பெயர் வைக்கத் தேடின மனிதர்கள் இப்படி ஒரு காட்சியைக் கண்டுதான் அந்தச் சொல்லை எடுத்திருக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது. கோயிலில் கூட நான் அப்படித் தலைகுனிந்ததில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது தம்பி தேம்பி அழுதான். "அக்கா, அந்த அம்மா பொலிஸ்காரனுக்கு என்ன சொன்னவ கேட்டனியோ? என்னைத் தான் பெத்த பிள்ளை எண்டெல்லே சொன்னவ."

நான் திகைத்துப்போனேன். லமயா என்ற சொல்லை மட்டும் அவன் எங்கோ பொறுக்கியிருந்தான். பெத்தே என்ற சிங்களம் யாழ்ப்பாணத்துக் காதில் பெத்த என்று விழுந்திருந்தது. யார் எதைப் பிழையாகச் சொன்னாலும் அந்த இடத்திலேயே திருத்துகிற வாய் என்னுடையது. அன்று அது திறக்கவில்லை. "ஓம், கேட்டனான்" என்றேன்.

அதன் பிறகு தம்பி காலையில் வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கி அந்தூரியத்துக்கு ஊற்றினான். அவரை அம்மா என்று கூப்பிட்டான், சிங்களத்து அம்மேயாக இல்லை, எங்கள் அம்மாவாக. தெருவில் சிலர் வீட்டுக்காரம்மாவோடு பேச்சைக் குறைத்தார்கள். வழக்கமாகப் பூ வாங்க வருகிற ஒரு பெண் வராமல்விட்டாள். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என்னைச் சவர்க்காரத் தண்ணீருக்காகத் திட்டுவதையும் நிறுத்தவில்லை.

ஒருநாள் கம்பி வேலியோரம் நின்று என்னைக் கேட்டார். "அவனுக்கு என்ன பைத்தியமா பிடித்திருக்கிறது? நான் என்ன செய்தேன்? ஒரு கையெழுத்து. அதற்கு இவ்வளவா?"

நான் சொன்னேன். நீங்கள் சொன்னது பக்கம், அவன் காதில் விழுந்தது வேறு, தமிழில் பெத்த என்றால் வயிற்றில் சுமந்து பெற்ற என்று அர்த்தம் என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையிலிருந்த துணியை மடித்தார், பிறகு விரித்தார்.

"அந்தச் சொல்லை இன்னொருமுறை சொல்" என்றார்.

"பெத்த."

வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். முதலில் சிங்களத்தில் வந்தது. நான் இல்லை என்று தலையாட்டினேன். மறுபடியும் சொல்லிப் பார்த்தார். பிறகு செடிகளுக்குள் போய்விட்டார்.

அடுத்த முறை நாங்கள் மூன்று பேரும் பொலிஸுக்குப் போனபோது பழைய சார்ஜன் இல்லை. புதிதாக ஒருவர், கண்டிப்பான முகம். தம்பியை மேலும் கீழும் பார்த்தார். வீட்டுக்காரம்மாவின் வெள்ளைச் சேலையைப் பார்த்தார்.

"இந்தத் தமிழ்ப் பையன் உங்களுக்கு யார், அம்மே?"

வீட்டுக்காரம்மா குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "மகே பெத்த லமயா" என்றார். எங்கள் என்பதை விட்டுவிட்டு, என் என்று. அந்தப் பெத்தவை நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, சுத்தத் தமிழில்.

புதியவருக்கு அது பக்கம் என்று கேட்டது. தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. முதல் நாளே அவர் அதைத்தான் சொன்னார் என்று நம்பியிருந்தவன். அவர் சொல்லை மாற்றிவிட்டார் என்று எனக்குத்தான் தெரியும். நான் போய் அவருடைய மற்றப் பக்கத்தில் நின்றேன்.